ஓய்வுக் காலத்தில் ஹர்டி-கர்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் நடுப்பகுதியில், பெரி, புர்போனே, ஓவெர்ன் என்ற வட்டாரங்களில், கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஒரு தந்தி வாத்தியம் இன்னும் ஊர் நடனங்களில் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஹர்டி-கர்டி என்பார்கள். இங்கே வியேல் ஆ ரூ, சுருக்கமாக வியேல். பணி ஓய்வுக்குப் பிறகு நான் இதைக் கற்கத் தொடங்கியதிலிருந்து பாரிசிலும் புதுச்சேரியிலும் உள்ள உறவினர்களும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

தெருவில் குரங்கோடு வருபவர் சுற்றும் இசைப்பெட்டிதானே இது?

இல்லை. அந்தப் பெட்டிக்குள் குழல்களும் முள் பதித்த உருளையும் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு தானாக வரும். சுற்றுபவருக்கு ஒரு ஸ்வரமும் தெரிய வேண்டியதில்லை. ஹர்டி-கர்டியில் பாட்டை நீங்கள்தான் வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் கைப்பிடி இருப்பதால் ஐரோப்பியர்களே குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது?

வயலினில் வில் செய்யும் வேலையை இதில் ஒரு மரச் சக்கரம் செய்கிறது. அதன் விளிம்பில் ரோசின் என்ற மரப்பிசின் பூசியிருக்கும். வலக்கையால் கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே ஓடும். வில்லைத் திருப்பும் இடைவெளியே கிடையாது. கை ஓயும் வரை ஒலி ஓயாது.

இடக்கை விரல்கள் கட்டைகளை அழுத்தும். ஒவ்வொரு கட்டையிலும் சிறு மரச்செதில்கள் நிற்கும். கட்டையை உள்ளே தள்ளினால் அவை தந்தியைத் தொட்டு, ஒலிக்கும் நீளத்தைக் குறைக்கும், ஸ்வரம் உயரும். விரலை எடுத்ததும் கட்டை தன் எடையிலேயே பழைய இடத்துக்கு விழுந்துவிடும். ஸ்பிரிங் எதுவும் இல்லை. அதனால்தான் வாத்தியத்தை மடியில் சற்றுச் சாய்வாக வைத்து, இடுப்பைச் சுற்றி வாரால் கட்டிக்கொள்கிறோம். வாரைக் கட்டாமல் சுழற்றினால் வாத்தியமும் சேர்ந்து நகரும்.

பிரெஞ்சு மரபில் பாட்டுத் தந்திகள் வழக்கமாக இரண்டு. கட்டைகள் 23 அல்லது 24, அதாவது எல்லா அரைஸ்வரங்களும் அடங்கிய இரண்டு ஸ்தாயி. மற்ற தந்திகள் சுருதிக்கு. அவற்றுக்குக் கட்டை இல்லை. ஷட்ஜமோ பஞ்சமமோ மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சுருதிப்பெட்டி இல்லாமல் பாட்டே இல்லை என்று வளர்ந்த காதுக்கு இது முதல் நாளே பழகிவிடும். பியானோவுக்குப் பழகிய பிரெஞ்சு நண்பர்கள்தான் அந்த ஓயாத முழக்கத்துக்குக் கொஞ்ச காலம் முகம் சுளிக்கிறார்கள்.

அறுபதைத் தாண்டியபின் தொடங்கினால் வருமா?

வரும். மத்திய பிரான்சின் நடனப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு சிறு பகுதிகள் கொண்டவை. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, முழுவதையும் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். எளிய பாட்டுக்கு விரல்கள் அதிகம் ஓட வேண்டியதில்லை.

எல்லோரும் விரலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பாதியில் விடுகிறவர்களைப் பார்த்தால், விரல் ஓடாமல் விட்டவர்கள் குறைவு. வாத்தியம் கீச்சிடுகிறது, நேற்று நன்றாக இருந்தது இன்று இல்லை, காரணம் தெரியவில்லை என்று மூடிவைத்தவர்கள்தான் அதிகம். அரை மணி நேரம் வாசிக்கக் கால் மணி நேரமாவது அதைச் சரிசெய்ய வேண்டும். வேலைக்கு ஓடுகிறவருக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய எரிச்சல். ஓய்வுபெற்றவருக்கு அதைவிட நல்ல காலைப்பொழுது வேறு என்ன இருக்கிறது? வீட்டுக் கடிகாரத்தைத் தானே திறந்து பார்த்த வகை மனிதர் என்றால் தயங்காமல் தொடங்கலாம். எதையும் கடைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளும் வழக்கம் உள்ளவருக்கு நான் புல்லாங்குழலைச் சிபாரிசு செய்வேன்.

அந்தச் சரிசெய்யும் வேலை என்ன? விவரமாகச் சொல்லுங்கள்.

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

முதலில் பஞ்சு. சக்கரத்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்தியையும் சுற்றி மெல்லிய பஞ்சு இருக்க வேண்டும். பஞ்சு இல்லையென்றால் தந்தி உலோகத்தை அரமால் ராவுவது போல் கத்தும். பஞ்சு அதிகமானால் ஒலி மங்கி, பதில் சொல்லத் தாமதமாகும். நீண்ட இழையுள்ள பஞ்சில் ஒரு சிட்டிகையை, பின்னால் இருப்பது தெரியும் அளவுக்குப் பிரித்து, தந்தியில் பிடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் அதுவே சுற்றிக்கொள்ளும். மருந்துக்கடைப் பஞ்சு எல்லாம் இதற்கு ஒத்துவராது. இழை குட்டையாக இருந்தால் உதிர்ந்துவிடும். வாத்தியம் செய்பவர்களிடமே ஏற்ற பஞ்சு கிடைக்கும்.

அடுத்து ரோசின். சுழலும் சக்கரத்தின் விளிம்பில் கட்டியை இலேசாகத் தொடவைத்து, விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் படியவிட வேண்டும். ஓரிடத்தில் தடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் 'வவ்' என்று தனியாகக் கேட்கும். சக்கரத்தின் விளிம்பை விரலால் தொடவே கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் தந்தி வழுக்கும். வீட்டுக்கு வரும் குழந்தைகள் முதலில் தொடுவது அந்த விளிம்பைத்தான். எனவே சக்கரத்துக்கு மேலுள்ள மூடியை எப்போதும் போட்டே வையுங்கள்.

மூன்றாவது அழுத்தம். தந்தி சக்கரத்தின் மேல் எவ்வளவு அழுந்துகிறது என்பதை, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் உயரம்தான் முடிவுசெய்கிறது. குதிரைக் காடியில் தந்திக்கு அடியில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்தால் தந்தி உயரும், அழுத்தம் குறையும். ஒரு காகிதத்தின் தடிமன் ஒலியை முற்றிலும் மாற்றிவிடும் என்பதைக் காதால் கேட்டால்தான் நம்ப முடியும். பல ஆயிரம் யூரோ கொடுத்து வாங்கிய வாத்தியத்தின் உயிர் சிகரெட் சுற்றும் காகிதத்தில் இருப்பதை நினைத்தால் சில நாள் சிரிப்பு வருகிறது.

கடைசியாகச் சுருதி. தந்திகளைப் பிரடையைத் திருகிச் சேர்ப்பது ஒரு பக்கம். கட்டைகளில் உள்ள மரச்செதில்கள் ஒவ்வொன்றையும் சிறிது திருப்பி அந்தந்த ஸ்வரத்தைச் சரிசெய்வது இன்னொரு பக்கம். ஒரு கட்டைக்கு இரண்டு செதில், ஒரு தந்திக்கு ஒன்றாக. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரே ஸ்வரம் இரண்டாக ஒலிக்கும். செதில்களை அடிக்கடித் திருப்பத் தேவையில்லை. பருவம் மாறும்போது ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஏதாவது கோளாறு என்றால் பஞ்சு, ரோசின், அழுத்தம், சுருதி என்ற இதே வரிசையில் சோதியுங்கள். கோளாறு பெரும்பாலும் பஞ்சிலேயே அகப்படும்.

எந்த வாத்தியம் வாங்குவது? விலை என்ன?

முதலில் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். பிரான்சில் வாத்தியம் செய்பவர்கள் சிலரும், பாரம்பரிய இசைச் சங்கங்கள் பலவும் மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சில மாதம் வைத்திருந்தால் பஞ்சு வைக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கைவேலையாகச் செய்த புதிய கருவி பல ஆயிரம் யூரோ ஆகும். பெயர் பெற்றவர்களிடம் சொல்லிவைத்தால் காத்திருப்பும் நீளும். அந்த அளவுக்கு வேண்டாம் என்றால் நெதர்லாந்திலிருந்து வரும் நெர்டி கர்டி என்ற வகை இருக்கிறது. லேசரால் வெட்டிய மரத்துண்டுகள் ஒரு தொகுப்பாக வரும், அவற்றை நாமே ஒட்டிக் கோக்க வேண்டும். கைவேலைக் கருவியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஒலி எளிமையானது, ஆனால் நேர்மையானது. தானே ஒட்டியவருக்கு வாத்தியத்தின் உள்ளமைப்பு தெரிந்துவிடுவது தனி இலாபம்.

இணைய ஏலத்தில் 'பழங்கால வியேல்' என்று அழகான படத்தோடு மலிவாக வருவதைத் தொடாதீர்கள். சக்கரம் வட்டமாக இல்லையென்றால் அது சுவரில் மாட்டும் பொருள். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்பதைப் புகைப்படம் சொல்லாது. அலங்காரத்துக்காக மட்டுமே செய்து விற்பவையும் உண்டு. அவற்றைத் திருத்த ஆகும் செலவில் ஒழுங்கான தொகுப்பு ஒன்று வாங்கிவிடலாம்.

வலக்கை சும்மா சுற்றுவதுதானே, அதில் என்ன கஷ்டம்?

கஷ்டமே அதில்தான். இடக்கை ஒரு குளிர்காலத்தில் வந்துவிடும். வலக்கைக்கு வருடங்கள் ஆகும்.

சுருதித் தந்திகளில் ஒன்றுக்கு த்ரோம்பெத் என்று பெயர். அது ஒரு தனிச் சிறு குதிரையின் மேல் செல்கிறது. அந்தக் குதிரையின் ஒரு கால் பிடிப்பாக நிற்கும்; மறுகால் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். சக்கரம் சீராகச் சுழலும்போது அது அமைதியாக இருக்கும். மணிக்கட்டால் ஒரு சிறு உந்து கொடுத்துச் சக்கரத்தைக் கணநேரம் விரைவாக்கினால் அந்தக் கால் துள்ளிப் பலகையை அடிக்கும். 'ர்ர்' என்ற உறுமல் எழும். பிரெஞ்சில் அந்தக் குதிரைக்கு ஷியேன், அதாவது நாய், என்று பெயர். தம்பூராவில் ஜீவா நூலை நகர்த்தி ரீங்காரத்தைத் தேடுகிறோம் அல்லவா, அதே தேடல் இங்கேயும் உண்டு. த்ரோம்பெத் தந்தியை இழுத்துப் பிடிக்கும் சிறு கயிறு ஒன்றை ஒரு முளையில் சுற்றியிருப்பார்கள். முளையைத் திருகினால் நாய் எளிதில் குரைக்கும் அல்லது அடங்கும். ஆனால் தம்பூராவில் ரீங்காரம் எப்போதும் இருக்கும். இங்கே அது தாளம். வாசிப்பவர் வேண்டும்போது மட்டும் எழ வேண்டும்.

கைப்பிடியின் ஒரு சுற்றை இரண்டாக, மூன்றாக, நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் உந்து. ஓவெர்ன் வட்டாரத்தின் பூரே நடனம் மூன்று எண்ணிக்கையில் போகும். பெரி, புர்போனே பக்கம் அதே பெயரில் இரண்டு எண்ணிக்கையில் ஆடுவார்கள். திஸ்ரமும் சதுஸ்ரமும் கையில் போட்டுப் பழகியவருக்குக் கணக்கு புதிதில்லை. அதை மணிக்கட்டுக்குள் இறக்குவதுதான் புதிது. சுருதி கலையாமல், ஒலி நடுங்காமல், உந்து மட்டும் தனியாகக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் நாயை அடக்கிவைத்துவிட்டுச் சீரான சுழற்சியை மட்டும் பழகுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் முதல் வாரமே குரைக்க வேண்டும்.

விரல் மூட்டுவலி இருக்கிறது. தோளும் சரியில்லை.

கட்டைகளை அழுத்த வலிமை தேவையில்லை. கிட்டாரில் தந்தியை அழுத்துவதைவிட மிக எளிது. மூட்டுவலியால் கிட்டாரை விட்டவர்கள் இதில் நிம்மதியாக வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். தோள்தான் கவனிக்க வேண்டிய இடம். கைப்பிடி உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். தோளைத் தூக்கிச் சுற்றினால் ஒரு மாதத்தில் வலி வரும். கைவைப்பு இல்லாத நாற்காலி, இறுக்கமான இடுப்பு வார், பத்துப் பத்து நிமிடமாகப் பயிற்சி. ஏற்கெனவே தோளில் சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவரிடம் அந்தச் சுழற்றும் அசைவைச் செய்து காட்டியே கேளுங்கள். பெயரைச் சொன்னால் அவருக்கும் புரியாது.

காதுக் கருவி அணிகிறேன். வாசிக்கும்போது விநோதமாகக் கேட்கிறது.

வாத்தியத்தின் குற்றமாக இருக்காது. காதுக் கருவிகள், தங்கள் ஒலியே தங்களுக்குள் திரும்பிவந்து விசில் அடிப்பதைத் தடுக்க, நீண்டு ஒரே நிலையில் ஒலிக்கும் சத்தங்களை அடக்கப் பார்க்கும். சுருதித் தந்தியின் முழக்கம் அதற்கு விசில் போலத் தெரிகிறது. அதனால் ஒலி நடுங்குவதும் இரட்டிப்பதும் நேரும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டுத்தரும்படி காதுக் கருவி நிபுணரிடம் கேளுங்கள். வாத்தியத்தையும் உடன் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்.

அடுக்குமாடி வீட்டில் வாசிக்கலாமா?

சத்தம் அதிகம்தான். மைதானத்தில் ஆடுபவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று வளர்ந்த வாத்தியம் இது. ஆனால் ஒவ்வொரு தந்தியையும் சக்கரத்திலிருந்து விலக்கி வைக்க முடியும். சுருதித் தந்திகளையும் த்ரோம்பெத்தையும் விலக்கிவிட்டு, ஒரே ஒரு பாட்டுத் தந்தியில் பயின்றால் அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். நாயைப் பழகுவதை ஞாயிறு பிற்பகலில் வைக்காதீர்கள்.

யாரிடம் கற்பது? காணொளி பார்த்தே கற்க முடியாதா?

இடக்கையை முடியும். வலக்கைக்கும் பஞ்சுக்கும் ஆள் வேண்டும். ஆசிரியர் உங்கள் மணிக்கட்டைத் தொட்டுத் திருத்த வேண்டும். பிரான்சில் சில இசைப் பள்ளிகளில் பாரம்பரிய இசைப் பிரிவு இருக்கிறது. அதைவிட எளிது, 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான ஊர்ச் சங்கங்கள். மாதம் ஒருமுறை சனிக்கிழமைப் பயிற்சி, மாலையில் நடனம் என்று நடத்துவார்கள். பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். புதியவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு சரளமாக வராதவர்களும் வெட்கப்பட வேண்டாம். பாட்டைக் காதால் பிடிப்பதுதான் அங்கே வழக்கம். நொட்டேஷன் தெரியாதது குறையே இல்லை. நடனம் ஆடவும் கற்றுக்கொள்ளுங்கள். பூரேயை ஒருமுறை காலால் மிதித்தவருக்கு உந்து எங்கே விழ வேண்டும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

பிச்சைக்காரர்களின் வாத்தியம் என்று ஒரு பிரெஞ்சு நண்பர் சொன்னாரே?

சொல்லட்டும். அரசியின் வாத்தியம் என்றும் பதில் சொல்லலாம். ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தின் வாயிலில், 1188 என்று ஆண்டு பொறித்த அந்தச் சிற்பத் தொகுதியில், இதன் மூதாதையான ஒரு பெரிய வாத்தியத்தை இரண்டு முதியவர்கள் மடியில் கிடத்தியிருக்கிறார்கள். ஒருவர் சுழற்ற, மற்றவர் கட்டைகளைக் கவனிக்கிறார். தொடங்கும்போதே முதியவர்களின் கையில்தான் இருந்தது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

பிறகு தெருவுக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் த லா தூர் வரைந்த பார்வையற்ற வியேல் கலைஞர் நான்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார். வாய் திறந்து பாடும் அந்த முகத்தில் வறுமை ஒளிவுமறைவின்றித் தெரியும். அடுத்த நூற்றாண்டில் வெர்சாய் அரண்மனையில் கிராமிய வேடம் போடுவது நாகரிகமானபோது, பத்தோன் என்ற கைவினைஞர் யாரும் வாங்காத பழைய கிட்டார், லூட் உடல்களில் சக்கரத்தைப் பொருத்தி விற்றார். 15-ஆம் லூயியின் மனைவி மரி லெஸ்சின்ஸ்காவே வாசித்தார். 1737-இல் ஷெத்வீல் என்பவர் தன் இசையை இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் பெயரில் அச்சிட்டு வெளியிட்டதும் இந்தச் சந்தைக்காகத்தான். அந்தக் குட்டு 20-ஆம் நூற்றாண்டில்தான் முழுதாக வெளிப்பட்டது. நேப்பிள்ஸ் மன்னருக்காக ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் இதன் குழல் பொருத்திய வகைக்கு இசை எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் பிரபுக்கள் போனார்கள், கிராமங்கள் பிடித்துக்கொண்டன. அலியே மாவட்டத்தின் ஜான்சா என்ற சிற்றூரில் பாஜோ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்த கருவிகளை இன்றும் வாசிக்கிறார்கள்.

ஹங்கேரியிலும் உக்ரைனிலும் வேறு வேறு பெயர்களில் இது இருக்கிறது. உக்ரைனில் பார்வையற்ற பாடகர்கள் ஊர் ஊராக இதைத் தோளில் மாட்டிச் சென்று பக்திப் பாடல்கள் பாடிவந்தார்கள். சோவியத் ஆட்சியில் அந்த மரபு நசுக்கப்பட்டது.

நம் ராகங்களை இதில் வாசிக்க முடியுமா?

ஸ்வரங்கள் வரும், கமகம் வராது. கட்டை வாத்தியம் என்பதால் ஆர்மோனியத்துக்கு உள்ள அதே குறை. கட்டையைச் சற்று அழுத்தினால் ஸ்வரம் கொஞ்சம் உயரும், அதனால் ஓர் அசைவு கிடைக்கும், அவ்வளவுதான். தோடியை முயன்று பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மோகனத்தில் ஒரு கும்மிப் பாட்டு அழகாக அமர்கிறது.

எங்கே போய்க் கேட்கலாம்?

ஜான்சாவில் வாத்தியக் கைவினைஞரின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே மாவட்டத்தில் மோன்லுசோன் நகரில் மக்கள் இசைக்கான அருங்காட்சியகம் உண்டு. அங்கே வியேல் மட்டுமல்ல, மின்கிட்டாரும் இருக்கும். ஜூலையில் லா ஷாத்ர் ஊருக்கு அருகே ஆர்ஸ் மாளிகைத் தோட்டத்தில், 1976-இல் சேன் ஷார்த்தியே கிராமத்தில் தொடங்கிய விழா நடக்கிறது. வாத்தியம் செய்பவர்கள் மரத்தடியில் கடை விரித்திருப்பார்கள். வாங்குவதாக இருந்தால் அங்கே போய், ஒவ்வொன்றையும் மடியில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே முடிவெடுக்காமல் திரும்பி வாருங்கள்.

ஊருக்குப் போகும்போது புதுச்சேரிக்கு எடுத்துச் செல்லலாமா?

விமானத்தில் கைப்பையாக ஏற்றிக்கொள்ள நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். சரக்கில் போட்டால் சக்கரத்தின் அச்சு என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏற்றும்முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பழைய கருவி என்றால் அலங்காரத்தில் யானைத் தந்தம் இருக்கக்கூடும். தந்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கடுமையான சட்டம் உண்டு. ஆவணம் இல்லாவிட்டால் சுங்கத்தில் வாத்தியத்தை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். கடற்கரை ஈரம் இன்னொரு தொல்லை. மரச் சக்கரம் ஈரத்தில் ஊதும், குடல் தந்தி நிமிடத்துக்கு நிமிடம் சுருதி மாறும். செயற்கை இழைத் தந்தி போட்ட தொகுப்புக் கருவியைக் கொண்டுபோங்கள். நல்லதை இங்கேயே பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். பஞ்சையும் ரோசினையும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். ரோசின் தீர்ந்தாலும் வயலின் கடையில் கிடைக்கும் ரோசினை வைத்துச் சில நாள் சமாளிக்கலாம்.